பிறந்தநாள் தும்பெங்கை அரிசி இல்லாமல் நிறுத்த முடியுமா?

கீரைக்கட்டு (சுரபாயா)

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு 50 வயது முடிகிறது. ஜாவாவுக்கு வந்து 6 வருடம் ஆகிவிட்டதால் பிறந்தநாள் என்றால் கேக்குக்கு முன்னால் தும்பெங்தான் ஞாபகத்துக்கு வருகிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த சோற்றைக் கூம்பாக அழுத்தி, வாழையிலை விரித்த மூங்கில் முறத்தின் நடுவில் மலை மாதிரி நிறுத்தி, சுற்றிலும் காய்கறி வகைகளை அடுக்குவார்கள். கூம்பின் நுனியை வெட்டி முக்கியமானவருக்குக் கொடுப்பது மரியாதை.

என் கஷ்டம் மூன்று. அவருக்குச் சர்க்கரை, சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மகள் பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. செடியில் விளைந்தது மட்டும்தான். மூன்றாவது, பக்கத்து வீட்டு இபு (இங்கே பெரிய பெண்களை அம்மா என்கிற மாதிரி அழைப்பது) சாப்பிட வருகிறார். அசல் ஜாவாக்காரர். ஏதோ ஒன்றைச் செய்து வைத்து இதுதான் தும்பெங் என்று அவரிடம் சொல்ல முடியாது.

நேற்று ஒத்திகை பார்த்தேன். காலிஃபிளவரை மிக்ஸியில் அடித்து, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மூடிபோட்டுச் சிறுதீயில் வைத்தேன். வாழையிலைக் கூம்பில் அழுத்திக் கவிழ்த்து இலையை எடுத்ததுதான் தாமதம், பக்கவாட்டில் சரிந்து மஞ்சள் தண்ணீர் முறத்தில் ஓடியது. மகள் எட்டிப்பார்த்து "மெராபி எரிமலை வெடிச்சிடுச்சா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

யாராவது வழி சொல்லுங்கள்.

சட்டுவம் (கோலாலம்பூர்)

கீரைக்கட்டு அக்கா, மிக்ஸி, மூடி, தேங்காய்ப்பால். மூன்றுமே தண்ணீர்ப் பிரச்சினை.

காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மிக்ஸியில் அடித்தால் அது நசுங்கிச் சாறு விடும். பெரிய ஓட்டையுள்ள துருவியில் கையால் துருவுங்கள். நேரமாகும், ஆனால் மணி மணியாக விழும். துருவியதைப் பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் விடுங்கள். அதற்கு முன்னால் உப்பு மட்டும் போடாதீர்கள், போட்டால் மறுபடி தண்ணீர் விடும்.

அப்புறம் அகல வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல், இரண்டு கைப்பிடி இரண்டு கைப்பிடியாகப் போட்டு வறுக்க வேண்டும். மூடி கூடவே கூடாது. முதலில் புஸ்ஸென்று ஆவி வரும். ஆவி அடங்கி, சட்டுவம் படும்போது மணல் கிளறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதுதான் பதம். ஒரு கிலோ துருவலை ஒரே தடவையில் கொட்டினால் அது வறுபடாது, அவிந்துதான் போகும்.

வறுத்து முடித்த பிறகுதான் மணம் ஏற்ற வேண்டும். வேறொரு சட்டியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், நசுக்கிய செராய் (எலுமிச்சைப்புல்) ஒரு தண்டு, பிரிஞ்சி இலை மாதிரி போடும் சலாம் இலை இரண்டு, நாரத்தை இலை மாதிரி இருக்குமே அந்த ஜெருக் புருட் இலை, மஞ்சள் துருவல். எண்ணெய் மஞ்சளானதும் வறுத்ததைக் கொட்டிப் பிரட்டுங்கள். தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் கெட்டியான முதல் பால் மூன்று மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

ருசிக்கு இது போதும். கூம்பு நிற்குமா என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

எண்பதுகிலோ (திருச்சி)

நான் 11 வருட சர்க்கரைக்காரன். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கைப்பிடி நிஜச் சோறு வைத்தால் என்ன கெட்டுவிடும்? அளவாகச் சாப்பிட்டால் போதாதா? பூவைத் துருவி அதற்குச் சோறு என்று பெயர் வைப்பது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சட்டுவம்

வேகவைத்த வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, சார். அதே எடை பச்சைக் காலிஃபிளவரில் 5 கிராம், அதிலும் 2 கிராம் நார். உங்களுக்குக் கைப்பிடியோடு நிறுத்தத் தெரியும். எங்கள் வீட்டில் கைப்பிடி என்றால் அது யானையின் கைப்பிடி.

எண்பதுகிலோ

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர், மருந்தின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் ஒரே நாளில் நிறுத்தினால் சர்க்கரை கீழே போய்விடும். எனக்கே ஒரு தடவை வேர்த்து, கை நடுங்கி, பேருந்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் அம்மா.

கீரைக்கட்டு

அவருக்கு இன்சுலின் இல்லை சார். மாத்திரையைப் பற்றி நாளைக்கே கேட்டுவிடுகிறேன், நினைவூட்டியதற்கு நன்றி.

முறத்தில் சுற்றி வைக்க நினைத்திருப்பது: உராப் (தேங்காய் மசாலாவில் பிரட்டிய காய்கறி), சாயுர் லோதே (தேங்காய்ப்பால் காய்க்குழம்பு), தெம்பே ஓரெக் (தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டியைக் கெச்சாப் ஊற்றி வறுத்தது), தாஹு பாசெம் (டோஃபுவை மசாலாவில் வற்ற வேகவைத்தது), தக்காளிச் சம்பல் (இடித்த மிளகாய்த் துவையல்), கொறிக்கக் கெருப்புக் (அப்பளம் மாதிரி பொரிப்பது). சரிதானா?

பழைய_பாண்டுங் (ஈரோடு)

அம்மா, நான் பாண்டுங் பக்கம் ஒரு நூல் மில்லில் 4 வருடம் இருந்தேன். நீங்கள் எல்லோரும் சோற்றையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். திருடன் சோற்றுக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்டு நிற்கிறான். கெச்சாப் மானிஸ்!

சீசாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் சோயாவுக்கு முன்னால் சர்க்கரை நிற்கும். சோயா சாஸ் என்று நினைத்து ஊற்றுகிறோம், உண்மையில் அது சோயா வாசம் வீசும் பனைவெல்லப் பாகு. ஓரெக்கில் நாலு கரண்டி ஊற்றினால் காலிஃபிளவர் துருவிய கைவலி அத்தனையும் வீண்.

தாஹு பாசெம் அதைவிட மோசம். இளநீரிலும் குலா ஜாவா என்ற பனைவெல்லத்திலும் வற்ற வற்ற வேகவைப்பதுதான் பாசெம். யோக்யகர்த்தா பக்கத்துப் பண்டம், இனிப்பு தூக்கலாக இருந்தால்தான் அவர்களுக்கு அது சமையல். எடுத்துவிடுங்கள்.

கெருப்புக்கையும் எடுத்துவிடுங்கள். மரவள்ளி மாவு, அதிலும் பெரும்பாலும் இறால் கலந்தது. மகளுக்கும் ஆகாது, அப்பாவுக்கும் ஆகாது. மொறுமொறுப்புக்கு வறுத்த நிலக்கடலையும் சின்ன வெங்காய வறுவலும் போதும். கடையில் விற்கும் வெங்காய வறுவலில் மாவு பிரட்டியிருப்பார்கள், வீட்டிலேயே வறுத்துக்கொள்ளுங்கள்.

கீரைக்கட்டு

ஐயோ! வீட்டில் அந்தச் சீசா மாதம் ஒன்று காலியாகிறது. சோற்றைப் பாதியாகக் குறைத்தும் அளவு ஏன் இறங்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. ஓரெக்குக்கு என்ன செய்வது?

பழைய_பாண்டுங்

ஓரெக் வேண்டாம். ஜாவாவில் எந்த வீட்டிலும் அன்றாடம் செய்கிற சாதாரணத் தெம்பே கோரெங் செய்யுங்கள். பூண்டு, கொத்தமல்லி விதை, உப்பு மூன்றையும் சோபெக் என்ற கல் உரலில் நன்றாக இடித்துத் தண்ணீரில் கரைத்து, விரும்பினால் துளி புளி விட்டு, கீறல் போட்ட தெம்பேத் துண்டுகளைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பொரித்தெடுங்கள். அவ்வளவுதான். அந்தக் கொத்தமல்லி வாசத்துக்கு மில் கேன்டீன் வரிசையில் கடைசியில் நின்றவன் நான். மாவில் தோய்க்கும் மெண்டோவான் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஓரெக்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், உப்புச் சோயா சாஸ், புளித்தண்ணீர், ஒரு நட்சத்திர சோம்பு, லெங்குவாஸ் (பேரரத்தை) ஒரு துண்டு, குலா ஜாவா சுண்டைக்காய் அளவு. பளபளப்பு வராது. வாசம் வரும்.

நடுராத்திரிப்பசி (சென்னை)

படிக்கும்போதே பசிக்கிறது. இங்கே எங்கள் பக்கம் தெம்பே கிடைப்பதில்லை. பனீரில் செய்யலாமா?

சட்டுவம்

தம்பி, பனீர் எந்தச் செடியில் காய்க்கிறது?

உங்கள் ஊர் வெயிலுக்குத் தெம்பேயை வீட்டிலேயே போடலாம். சோயாவை ஊறவைத்துத் தோலை முழுக்கக் கழற்றி வேகவைத்து, ஈரம் போக ஆறவைத்து, கொஞ்சம் வினிகரும் ரைசோபஸ் பூஞ்சை விதையும் கலந்து, ஊசியால் ஓட்டை போட்ட பையில் தட்டையாகப் பரப்பி, 30 டிகிரி சுற்றுவட்டாரத்தில் ஒன்றரை நாள் வைக்க வேண்டும். வெள்ளைப் பூஞ்சை பஞ்சு மாதிரி படர்ந்து பருப்புகளைக் கட்டையாக இறுக்கிவிடும். இட்லி மாவு பொங்குவதற்குக் காத்திருக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் ஈரம் இருந்தால் பூஞ்சைக்குப் பதிலாக வேறு எதாவது வளர்ந்து நாறும், அதைச் சாப்பிடக் கூடாது.

கொத்தமல்லிவிதை (பினாங்கு)

கீரைக்கட்டு, சம்பலில் தெராசி போடுவீர்கள்தானே? இறால் விழுது இல்லாத சம்பல் எங்கள் வீட்டில் செல்லாது. மகளுக்கு எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடையில் வாங்கும் சம்பல் சீசாக்களிலும் பெரும்பாலும் தெராசி இருக்கிறது. இன்னொன்று, அங்கே வாருங் என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் காய்கறி என்று நம்பி வாங்கும் லோதேயில் காய்ந்த இறாலோ மாட்டுச்சாறு ருசிப்பொடியோ கலந்திருக்கும். கேட்டால் "இல்லை, வெறும் காய்தான்" என்பார்கள், பொய் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கணக்கில் அது மசாலா.

கீரைக்கட்டு

கொத்தமல்லிவிதை, இதை இன்று மாலை பக்கத்து வீட்டு இபுவிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார். பிரித்ததும் மூக்கைச் சுளித்தேன். தெம்பேதான், ஆனால் வெள்ளை போய்ப் பழுப்பேறி, ஓரம் ஈரமாகி, பழைய பாலாடைக்கட்டியும் நவச்சாரமும் கலந்த மாதிரி ஒரு நெடி. செமாங்கிட் என்று பெயராம். விற்றது போக மிஞ்சி ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் புளித்த தெம்பே. தூக்கிப்போட மாட்டார்கள், அதையே மசாலாவாக்கிவிடுவார்கள். கெடிரிப் பக்கத்துச் சம்பல் தும்பாங்குக்கு உயிரே இதுதான் என்றார். ஒரு துண்டை வேகவைத்து, சுட்ட மிளகாய், தக்காளி, பூண்டு, கென்சூரோடு சோபெக்கில் இடித்துக் காட்டினார். இடித்ததும் நெடி எங்கே போனதென்று தெரியவில்லை. நாக்கின் அடியில் கருவாட்டுக் குழம்பின் ருசி மட்டும் நின்றது. மகள் விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

கென்சூர் என்பது நம் நாட்டு மருந்துக் கடைக் கச்சோலம்தான். அங்கே காய்ந்த வில்லையாகக் கிடைக்கும், இங்கே பச்சையாக. கற்பூரமும் மண்ணும் கலந்த வாசம். உராப்பில் இது இல்லாவிட்டால் நம் தேங்காய்ப்பூப் பொரியலுக்கும் உராப்புக்கும் வித்தியாசமே இருக்காது.

கொத்தமல்லிவிதை

ஆமாம், உராப்புக்குக் கடுகு தாளித்துவிடாதீர்கள்! நான் முதல் தடவை கை பழக்கத்தில் தாளித்துவிட்டேன். தேங்காய் மசாலாவை ஆவியில் வேகவைத்துவிட்டு அப்புறம் காயோடு பிரட்டுங்கள். பச்சையாகக் கலந்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். லோதேக்குக் கெமிரிக் கொட்டை அரைக்கிறீர்கள் என்றால், பச்சையாக ருசி பார்க்காதீர்கள், வயிற்றைப் புரட்டும். நன்றாக வேக வேண்டும்.

சட்டுவம்

கூம்புக்கு வருகிறேன். இரண்டு நாளாக யோசித்தேன். சோறு கூம்பாக நிற்பது அதன் பசையால். பூவில் பசை இல்லை. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். நீங்கள் இருக்கும் கிழக்கு ஜாவாவிலேயே அது காட்டுக்குள் விளைகிறது, அக்கா. போராங்!

மாடியுன் பக்கம் தேக்கு மரத்தடியில் பயிரிடும் கிழங்கு. நம் சேனைக்கிழங்கின் ஒன்றுவிட்ட தம்பி, ஒரே பேரினம். இலை பிரியும் இடத்தில் குட்டிக் குட்டியாகப் பழுப்பு மொட்டு வைக்கும், அதை வைத்துத்தான் சேனையிலிருந்து பிரித்துச் சொல்வார்கள். சேனையை அங்கே சுவெக் என்கிறார்கள். போராங்கைப் பச்சையாகத் தொட்டால் சேனையைப் போலவே அரிக்கும். சுத்தம் செய்து எடுக்கும் மாவில் இருப்பது குளுக்கோமன்னான் என்ற நார், தண்ணீரைக் குடித்துக் கூழாக இறுகும். ஜப்பான்காரர்களின் ஷிராத்தாகி நூடுல்ஸ் இந்தக் குடும்பத்துக் கிழங்கில் செய்வதுதான். அதை அரிசி வடிவிலும் விற்கிறார்கள்.

என் யோசனை: வறுத்த காலிஃபிளவர் இரண்டு பங்கு, ஷிராத்தாகி அரிசி ஒரு பங்கு. பையைப் பிரித்ததும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு நாற்றம் வரும், பயப்படாதீர்கள். நன்றாகக் கழுவி, இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து வடித்து, வெறும் வாணலியில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும் வரை வறுக்க வேண்டும். மூன்று கரண்டி தேங்காய்ப்பாலில் கால் தேக்கரண்டி போராங் மாவைக் கரைத்து, சூட்டோடு பிரட்டி, கூம்பில் அழுத்திப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

நடுராத்திரிப்பசி

அப்படியானால் சேனையையே துருவிச் சோறாக்கலாமே? இங்கே கொட்டிக் கிடக்கிறது.

சட்டுவம்

சொந்தம்தான், குணம் வேறு தம்பி. சேனையில் மாவுச்சத்து நிறைய. சர்க்கரைக்காரருக்கு அரிசிக்குப் பதில் கிழங்கு வைத்த கதையாகிவிடும். ஜாவாவின் தெற்கே குனுங் கிடுலில் மரவள்ளியைக் காயவைத்துத் திவுல் செய்கிறார்கள், மதுராவில் சோளச் சோறு, மாலுக்குத் தீவுகளில் சேகோப் பனை மாவுக் களி. அரிசிக்கு மாற்று அங்கே ஏராளம், எல்லாமே வயிறு நிரம்புவதற்காக வந்தவை. நமக்கோ வயிறு நிரம்பியது போதும் என்ற நிலைமை.

எண்பதுகிலோ

போராங் மாவைக் கரண்டியில் அள்ளி வாயில் போட்டுவிட வேண்டாம், தொண்டையில் உப்பிக்கொள்ளும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

கீரைக்கட்டு

ஞாயிறு காலை. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு கிலோ பூவைத் துருவியதில் என் கட்டைவிரல் நகமும் கொஞ்சம் போயிற்று. ஐந்து தடவையாக வறுத்தேன். மணல் சத்தம் மூன்றாவது தடவைதான் காதில் பிடிபட்டது, முதல் இரண்டும் ஈரம். அவற்றை மறுபடி வாணலியில் போட்டேன். கடைசியில் மலை மாதிரி இருந்தது ஒரு சின்னச் சட்டிக்குள் அடங்கிவிட்டது. ஐந்து பேருக்கு ஒரு கிலோ போதாது, சொல்லிவைக்கிறேன்.

பெரிய கூம்பு நின்றது. உண்மையாகவே நின்றது! மகள் போட்டோ எடுக்க மேசை விளக்கைத் திருப்பி வைக்கும் நேரம் வரைக்கும். அப்புறம் மெதுவாகத் தலை சாய்ந்து வாழையிலையில் படுத்துக்கொண்டது. நல்லவேளை, பழைய அனுபவத்தில் டீ கிளாஸ் அளவில் குட்டிக் கூம்புகளும் ஐந்து செய்து வைத்திருந்தேன். இங்கே கடைகளிலும் தும்பெங் மினி என்று ஆளுக்கொன்றாக விற்கிறார்களே, அந்தக் கணக்கு. அவை ஐந்தும் அசையவில்லை.

லோதேயில் கத்தரிக்காய், காராமணிக்காய், சவ்சவ், முட்டைக்கோஸ், இளம் பலா, தாஹு, மெலிஞ்சோ இலை. இபு எண்ணிப் பார்த்து ஏழு இருக்கிறது, நல்லது என்றார். ஏழு காய் லோதே நோய்நொடியைத் தள்ளி வைக்கும் என்பது இங்கத்தவர் நம்பிக்கை. தெம்பே கோரெங் முதலில் தீர்ந்தது. கெச்சாப் சீசாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியிருந்தேன், யாரும் தேடவில்லை. வீட்டுக்காரர் நுனியை வெட்டி மகளுக்குக் கொடுக்க, அவள் அதைப் பாதியாக்கி எனக்குக் கொடுத்தாள்.

இபு உராப்பை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். சம்பலுக்கு நாக்கைத் தட்டினார். மஞ்சள் கூம்பையும் ஒரு துளி விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போகிறார் என்று நான் எழுந்தேன். அவர் முறத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "ஏனாக் செகாலி... தாபி நாசிஞா மானா?" அருமையாக இருக்கிறது, ஆனால் சோறு எங்கே?

இந்த ஊரில் நாசி சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதாகவே கணக்கில்லை என்பார்கள். ஆறு வருடமாகக் கேட்கிறேன், நேற்றுதான் நேரில் பார்த்தேன். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே வீட்டுக்குப் போய் மூடிபோட்ட கிண்ணத்தில் வெள்ளைச் சோறு எடுத்து வந்துவிட்டார். மிச்ச லோதேயை அதில் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இன்னொரு முறை உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பதுகிலோ

இரண்டு கரண்டி என்றால் எந்தக் கரண்டி?

கீரைக்கட்டு

சோற்றுக் கரண்டி, சார்.